பிரேக் சிலிண்டருக்குள்ள ஒரு சைக்கிள் பம்பு வாசர்

சைக்கிளுக்குக் காத்து அடிக்கிற கைப்பம்பை எப்பவாவது பிரிச்சுப் பாத்திருக்கீங்களா? கம்பியோட நுனியில சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாசர் இருக்கும். அமுக்கறப்ப அந்தக் கிண்ணத்தோட விளிம்பு விரிஞ்சு குழாய்ச் சுவத்துல ஒட்டிக்கும். காத்து பின்னால வர வழியில்லாம டியூபுக்குள்ள போயிரும். மேல இழுக்கறப்ப விளிம்பு சுருங்கி, பக்கத்துல காத்துக்கு வழி விடும். வெயில்ல காஞ்சு தோல் விறைச்சுப் போச்சுன்னா எத்தனை அடிச்சாலும் காத்து ஏறாது. ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வெச்சா மறுபடி வேலை செய்யும்.

எங்க ஊரு அடிபம்பிலயும் இதே கிண்ணம்தான் வேலை செஞ்சது. அங்க தண்ணியை மேல தூக்கணும்கறதால விளிம்பு மேல பாத்து இருக்கும். இது ஒண்ணை மட்டும் இப்பவே மனசுல வெச்சுக்குங்க. கிண்ணத்தோட விளிம்பு எந்தப் பக்கம் பாக்குதோ, அந்தப் பக்கத்து அழுத்தத்தைத்தான் அது தாங்கும்.

இப்ப உங்க பைக்கோட வலது கைப்பிடிக்குப் பக்கத்துல பாருங்க. டிஸ்க் பிரேக் வண்டின்னா சின்ன டப்பா ஒண்ணு, அதுல பிரேக் ஆயில், அதுக்குக் கீழ விரல் தடிமன்ல ஒரு உருளை இருக்கும். அதுதான் மாஸ்டர் சிலிண்டர். அதுக்குள்ள இருக்கிறதும் அதே கிண்ணம்தான், தோலுக்குப் பதிலா ரப்பர். பட்டறையில "கிட் மாத்தணும்"னு சொல்றாங்களே, அந்த கிட்டுல முக்கியமான சாமான் இந்த ரப்பர் கப்தான்.

கிட் மாத்தினதுக்கு அப்புறமும் பிரேக் சரியா வராம தவிக்கிற வண்டிகளை எங்க பக்கம் நிறையப் பாக்கறேன். அந்தத் தொந்தரவு ஒவ்வொண்ணும் இருநூறு வருஷமா மனுசங்க பட்டு, வழி கண்டுபிடிச்ச பழைய தொந்தரவுதான். அதனால கதையை முதல்ல இருந்தே சொல்றேன்.

நூறு பேரு பலம்

பிரான்ஸ் நாட்டுல பிளேஸ் பாஸ்கல்னு ஒருத்தர் 1623-ல பிறந்தார். 39 வயசுல இறந்தும் போனார். அவர் இறந்த மறு வருஷம், 1663-ல, தண்ணியோட அழுத்தத்தைப் பத்தி அவர் எழுதி வெச்சிருந்தது புத்தகமா வந்துச்சு. தண்ணி நிரம்பின, எல்லாப் பக்கமும் மூடின ஒரு பாத்திரத்துல ரெண்டு வாய் வைங்க. ஒண்ணு இன்னொண்ணை விட நூறு மடங்கு பெருசு. ரெண்டுலயும் அடைச்ச மாதிரி தண்டு வைங்க. சின்னதை ஒரு ஆளு அமுக்கினா, பெருசை நூறு பேரு அமுக்கறதுக்கு ஈடா நிக்கும்னு சொன்னார். மூடின தண்ணியில ஒரு இடத்துல கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமப் போகும்கறதுதான் அதுக்குக் காரணம்.

பிரேக்குக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாக்கலாம். மாஸ்டர் சிலிண்டரோட துளை 12.7 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம், அதாவது அரை அங்குலம். பரப்பு சுமார் 1.27 சதுர சென்டிமீட்டர். கீழ சக்கரத்துல இருக்கிற காலிப்பரோட பிஸ்டன் 32 மில்லிமீட்டர்னா பரப்பு சுமார் 8. நீங்க விரல்ல 10 கிலோ அமுக்கி, லீவர் அதை அஞ்சு மடங்கு ஆக்கினா 50 கிலோ. 50-ஐ 1.27-ஆல வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு 39 கிலோ அழுத்தம். உங்க பைக் டயருக்குள்ள இருக்கிற காத்தோட அழுத்தம் ரெண்டு கிலோ சொச்சம்தான். அந்த 39 கிலோ அழுத்தம் கீழ 8 சதுர சென்டிமீட்டர் மேல விழறப்ப 315 கிலோவுக்குப் பக்கம் வருது. பத்து கிலோ போட்டு முன்னூத்திப் பதினஞ்சு வாங்கறோம்.

ஆனா சும்மா வரல. பலத்துல கிடைச்சது தூரத்துல போயிரும். மேல தண்டு 6 மில்லிமீட்டர் நகந்தா கீழ பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர்கூட முழுசா நகராது. அதனாலதான் உள்ள ஒரு பொட்டுக் காத்துக்குமிழி இருந்தாலும் பிரேக் செத்துப் போகுது. எண்ணெய் அமுங்காது, காத்து அமுங்கும். நீங்க கொடுத்த அந்த 6 மில்லிமீட்டரைக் குமிழியே சாப்பிட்டுரும். புட்வால்வு ஒழுகி பைப்புல காத்துப் புகுந்த மோட்டார், சத்தம் மட்டும் போட்டுட்டுத் தண்ணி எடுக்காம ஓடும். கிணத்து மோட்டார் வெச்சிருக்கிற எங்களுக்கு அந்தக் கோளாறு புதுசில்லை.

விவசாயி மகன் செஞ்ச அழுத்து எந்திரம்

பாஸ்கல் சொன்னது புத்தகத்துல நூத்தி முப்பது வருஷம் கிடந்துச்சு. அதை எந்திரமாக்கினவர் இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கத்து விவசாயி மகன், ஜோசப் பிராமா. 1748-ல பிறந்தவர். சின்ன வயசுல கால்ல அடிபட்டு வயல் வேலை செய்ய முடியாமப் போனதால தச்சு வேலை கத்துக்கிட்டார். லண்டனுக்குப் போய்ப் பூட்டு செஞ்சு பேரு வாங்கினார். 1795-ல தண்ணி அழுத்தத்துல வேலை செய்யற பிரஸ்ஸுக்குக் காப்புரிமை எடுத்தார்.

எந்திரம் நின்ன இடம் ஒண்ணுதான், தண்டுக்கும் உருளைக்கும் நடுவுல இருக்கிற சந்து. அதை லேசா அடைச்சா தண்ணி பீச்சி அடிச்சுது. இறுக்கி அடைச்சா தண்ணி நின்னுச்சு. ஆனா அழுத்தத்தை எடுத்ததுக்கு அப்புறம் தண்டு திரும்பி வராம இறுகிக்கிச்சு.

இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் பிராமாவோட பட்டறையில வேலை பாத்த ஹென்றி மாட்ஸ்லேன்னு, அவர்கிட்டப் பின்னாடி வேலை கத்துக்கிட்ட ஜேம்ஸ் நாஸ்மித் எழுதி வெச்சிருக்கார். கிண்ணம் மாதிரி வளைச்ச தோல் வளையம். விளிம்பு அழுத்தம் வர்ற பக்கம் பாத்து நிக்கும். தண்ணி தள்ளத் தள்ள அந்தத் தண்ணியே விளிம்பை விரிச்சு அடைச்சுக்கும். அழுத்தம் போனதும் தோல் தளந்து, தண்டு சுலபமாத் திரும்பி வரும். எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு இறுக்கம், அழுத்தமில்லைன்னா இறுக்கமும் இல்லை.

அந்த மாட்ஸ்லே 1797-ல பிராமாகிட்ட இருந்து வெளியில போயிட்டார். வாரத்துக்கு 30 ஷில்லிங் வாங்கிட்டு இருந்தவர் கூலி ஏத்திக் கேட்டார், முதலாளி தரலை. பிற்பாடு சொந்தப் பட்டறை வெச்சு இங்கிலாந்துலயே பெரிய எந்திரக்காரர் ஆனார். வேலைக்காரனுக்குக் கூலி ஏத்தித் தராத கதை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

தோல் போய் ரப்பர் வந்தது

காருக்கு இந்த எண்ணெய் பிரேக்கைக் கொண்டு வந்தவர் அமெரிக்காவுல மால்கம் லாக்ஹீட். 1917-ல காப்புரிமை எடுத்தார். 1921-ல வந்த டூசன்பர்க் காருல நாலு சக்கரத்துக்கும் இந்த பிரேக் இருந்துச்சு. அதுக்கு முன்னால கம்பியும் கேபிளும்தான். நாலு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி இழுக்கறாப்புல அதைச் சரி பண்ணி வைக்கறது பெரும்பாடு. எண்ணெய்னா பாஸ்கல் சொன்னபடி நாலு பக்கமும் ஒரே அழுத்தம்.

லாக்ஹீட் முதல்ல போட்டது தோல் கப். அது ஒழுகுச்சு. 1924-ல வால்டர் கிறைஸ்லர் தன் பேருல முதல் காரை விட்டப்ப, அவரோட பொறியாளருங்க அதை மாத்தி ரப்பர் கப் போட்டாங்க. இன்னைக்கு உங்க வண்டியில இருக்கிறது அதோட பேரன்.

ரப்பர் வந்ததும் எந்த எண்ணெய் ஊத்தறதுங்கறது பெரிய கேள்வியாச்சு. என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் மாதிரி பூமியில இருந்து எடுக்கிற எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிப் பெருத்துரும். அந்தக் காலத்து பிரேக் ஆயில் என்ன தெரியுமா? விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுக்காது. நாங்க பருத்திக்கும் கடலைக்கும் ஓரத்துல, புழுவை இழுக்கறதுக்காக ஊனற ஆமணக்கு இருக்கே, அந்தக் கொட்டையில ஆட்டின எண்ணெய்தான் ஒரு காலத்துல கார்களை நிறுத்துச்சு. ஆமணக்கு விளைச்சல்ல இன்னைக்கும் உலகத்துல முதல் நாடு நாமதான், பெரும்பாலும் குஜராத்துல.

இப்ப ஊத்தறது கிளைக்கால் வகை. டப்பாவுல டாட் 3, டாட் 4னு போட்டிருக்கும். இது தண்ணியை உறிஞ்சிக்கும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது. தண்ணி உறிஞ்சின பிறகு அந்த அளவு 155 தான். டாட் 3-க்கு இது 205-ம் 140-ம். டாட் 5னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான். அதை இதோட கலக்கக் கூடாது.

ரெண்டு சக்கரத்துக்கு வந்த கதை

டிஸ்க்கைப் பத்தி 1902-லயே இங்கிலாந்துல ஃபிரடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை எடுத்தார். ஆனா 1953-ல பிரான்ஸ்ல லே மான் 24 மணி நேரப் பந்தயத்துல, டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயிச்சப்பதான் உலகம் திரும்பிப் பாத்துச்சு. ரெண்டு சக்கரத்துல 1962 வாக்குல லேம்பிரெட்டா டிவி 175 ஸ்கூட்டர் முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டுச்சு. அதை இழுத்தது கேபிள்தான், எண்ணெய் இல்லை. 1969-ல ஹோண்டா சிபி 750 முன்னாடி எண்ணெய் டிஸ்க் பிரேக்கோட வந்துச்சு. பெரிய எண்ணிக்கையில செஞ்சு வித்த மோட்டார் சைக்கிள்ல அதைக் கொண்டு வந்தது அதுதான். மாஸ்டர் சிலிண்டர் கைப்பிடி மேல ஏறினதும் அப்பத்தான்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில பங்கு இருக்கு. 1962-ல டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்து லூகாஸும் சேந்து சென்னை பாடியில பிரேக்ஸ் இந்தியா கம்பெனியை ஆரம்பிச்சாங்க. காருக்கும் வேனுக்கும் எண்ணெய் பிரேக் சாமான் அங்க இருந்து வர ஆரம்பிச்சுது. ஆனா எங்க ஊர்ப் பக்கம் ரெண்டு சக்கரத்துக்கு அது வர ரொம்ப நாளாச்சு. 1980-ல ஓசூர்ல இருந்து வந்த டிவிஎஸ் 50, அதுக்கு முன்னாடி ராஜ்தூத், புல்லட், எல்லாமே கேபிளும் கம்பியும் இழுக்கற பிரேக்தான். கேபிள் தளந்தா திருகு, அறுந்தா மாத்து. யார் வேணா செய்யலாம். 1999-ல ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001-ல பஜாஜ் பல்சர்னு வந்ததுக்கு அப்புறம்தான் டிஸ்க் பிரேக் கிராமத்துத் திண்ணைக்கு முன்னால நிக்க ஆரம்பிச்சுது. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கிற எல்லாப் புது வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம்னு ஆகிப்போச்சு.

வண்டி மாறின வேகத்துக்குப் பட்டறை மாறலை. கேபிளைத் திருகின கையோட மாஸ்டர் சிலிண்டரையும் பிரிக்கறாங்க. பழைய டிஸ்க் வண்டிகளுக்கு இப்ப இருபது வயசு. அதை வாங்கி ஓட்டறது எங்க பசங்கதான்.

திம்பத்துக்குப் போற வண்டி

என் தங்கச்சி மகன் தாளவாடியில குத்தகைக்குத் தோட்டம் பாக்கறான். சத்தியமங்கலத்துப் பக்கம் இருக்கிற எங்க ஊருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை இறங்கி வருவான். நடுவுல திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. சில நாள் பின்னால சம்சாரமும், நடுவுல ரெண்டு வயசுக் குழந்தையும் இருப்பாங்க. வண்டி 150 சிசி, பழசு, ஏபிஎஸ் இல்லை.

போன வைகாசியில லீவர் கிட்ட பிரேக் ஆயில் கசிஞ்சுது. ஆயில் பட்ட இடத்துல டேங்க் பெயிண்ட் உப்பி உரிஞ்சுது. டவுன்ல ஒரு பட்டறையில கிட் மாத்தினாங்க. கசிவு நின்னுச்சு, பிரேக் வரலை. லீவர் பஞ்சு மாதிரி கைப்பிடி வரைக்கும் வந்துச்சு. திரும்பப் போனான், "ஏர் எடுத்தாச்சு"ன்னாங்க. மூணாவது தடவையும் அதே பதில்தான். சனிக்கிழமை மலைக்குப் போகணும்னு என்கிட்ட வந்து நின்னான்.

"மாமா, ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினா கொஞ்சம் பிடிக்குதுங்க. மெதுவாப் போயிரட்டுங்களா?"

"வேண்டாம் மாப்ள. பஸ்ல போ. வண்டி இங்கயே நிக்கட்டும்"னேன்.

முப்பது வருஷமா மோட்டாரும் பம்பும் பிரிச்சு மாட்டின கை. பிரேக்கும் ஒரு பம்புதானேன்னு உக்காந்தேன்.

முதல்ல கோளாறு மேலயா கீழயான்னு பிரிச்சுப் பாக்கணும். மாஸ்டர்ல இருந்து ஹோஸைக் கழட்டி, அந்த வாயை அதே மரையுள்ள போல்ட்டும் செம்பு வாசரும் போட்டு அடைச்சேன். இப்ப லீவரை அமுக்கினா கல்லு மாதிரி நிக்கணும். நின்னா மாஸ்டர் நல்லது, கோளாறு கீழ. நிக்கலைன்னா மாஸ்டர்லயே காத்தோ, கப்போ. எனக்கு நிக்கலை, பஞ்சு மாதிரியே அமுங்குச்சு. அமுக்கிப் பிடிச்சுட்டே இருந்தா லீவர் மெல்ல மெல்ல இறங்கும், அப்படின்னா கப்பைத் தாண்டி எண்ணெய் கசியுதுன்னு அர்த்தம். இங்க இறங்கலை, ஒரு இடத்துல நின்னு, விட்டா எகிறுச்சு. அப்படின்னா கப் நல்லாத்தான் இருக்கு, உள்ள காத்து மாட்டியிருக்கு.

அப்புறம் டப்பா மூடியைத் திறந்து பாத்தேன். அடியில ரெண்டு துளை இருக்கும். ஒண்ணு கண்ணுக்கு நல்லாத் தெரியும். இன்னொண்ணு ஊசி முனை அளவுதான். லீவர் முழுசா விட்டிருக்கறப்ப, கப்போட விளிம்பு அந்த ஊசித் துளைக்குச் சரியா ஒரு மயிரிழை பின்னால நிக்கணும். அப்பத்தான் கீழ இருக்கிற எண்ணெய்க்கும் மேல டப்பாவுக்கும் வழி திறந்திருக்கும். பிரேக் சூடாகி எண்ணெய் விரிஞ்சா அந்தத் துளை வழியா டப்பாவுக்கு வந்துரும். மேல ஏறி வர்ற குமிழியும் அது வழியாத்தான் வெளியேறும். லீவரைத் தொட்டாப்புல லேசா அமுக்கினா, அந்தத் துளையில இருந்து எண்ணெய் சின்ன ஊத்து மாதிரி ஒரு துள்ளு துள்ளணும்.

இதுல துள்ளவே இல்லை. டார்ச் அடிச்சுப் பாத்தா, துளை மேல சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொருக்கு. பழைய எண்ணெய் உறிஞ்சி வெச்ச தண்ணி, அலுமினியத்தை அரிச்ச பொருக்கு அது. கிட் மாத்தினவரு ரப்பரை மாத்தினாரு, துளையைப் பாக்கலை. பெரிய துளை வழியா எண்ணெய் உள்ள போகுது, காத்து வெளிய வர வழி இல்லை. அதனால எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் மாஸ்டருக்குள்ள இருந்த குமிழி அங்கயேதான் சுத்திட்டு இருந்துச்சு.

இதை விட மோசமானது ஒண்ணு இருக்கு. எப்படியோ காத்தை எடுத்து லீவரை இறுக்க வெச்சிருந்தாலும், மலை இறங்கறப்ப எண்ணெய் சூடாகி விரியும். திரும்பிப் போக வழியில்லாம அதுவே பேடை அமுக்கும். பேட் உரசி இன்னும் சூடாகும், இன்னும் விரியும். முன்சக்கரம் தானா இறுகும். குழந்தையை நடுவுல வெச்சுட்டு 27 வளைவுல அது நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எழுத எனக்குக் கை வரலை.

முழுசா கழட்டி, புது பிரேக் ஆயில்லயே கழுவி, கரண்ட் ஒயருக்குள்ள இருக்கற மெல்லிசான செம்பு நார் ஒண்ணை எடுத்துத் துளையை விட்டேன். இரும்பு ஊசி போட்டா துளை பெருசாகும், ஓரத்துல பிசிறு நின்னு கப்போட விளிம்பைக் கிழிக்கும். உருளையோட உள்சுவத்தை விரல் நகத்தால தடவிப் பாத்தேன், குழி இல்லை. குழி இருந்தா புது கப் போட்டும் பிரயோஜனமில்லை, மாஸ்டரையே மாத்தணும். கப்போட விளிம்பு சக்கரத்துக்குப் போற எண்ணெய்ப் பக்கம் பாத்து இருக்குதான்னு பாத்து, பிரேக் ஆயில்ல முக்கி, முறுக்காம உள்ள விட்டு, சர்க்கிளிப் பள்ளத்துல முழுசா உக்காந்துச்சான்னு ரெண்டு தடவை பாத்தேன்.

காத்து எடுக்கறதுக்கு ஆட்டுக்கு மருந்து புகட்டற மாதிரி புது சிரிஞ்சு ஒண்ணு வாங்கி, சுத்தமான டியூப் மாட்டி, கீழ காலிப்பர் நிப்பிள் வழியா எண்ணெயை மேல நோக்கித் தள்ளினேன். காத்து மேல போறதுதான் அதோட குணம், அதோட போக்குலயே விட்டா சீக்கிரம் போகும். கடைசியில ஹோஸ் மாஸ்டரோட சேர்ற போல்ட்டைத் துணி சுத்தி ஒரு நூல் தளத்தி, லீவரை அமுக்கி, விடறதுக்கு முன்னால இறுக்கினேன். அந்த வளைவுதான் ஹோஸோட உச்சி, குமிழி அங்கதான் ஒளிஞ்சிருக்கும். லீவர் கல்லு மாதிரி ஆச்சு. ஊசித் துளையில எண்ணெய் துள்ளுச்சு.

அப்புறம் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி, பிரேக் பிடிச்சு விட்டுப் பாத்தோம். சுதந்திரமாச் சுத்துச்சு. வாய்க்கால் மேட்டுல ஓட்டினான், அப்புறம் பண்ணாரி வரைக்கும் போயிட்டு வந்தான். ஒவ்வொரு தடவையும் டிஸ்க்குக்குப் பக்கத்துல கையை வெச்சு அனல் பாத்தோம். மறு வாரம்தான் மலைக்கு ஏத்தினான், தனியா. இறங்கறப்ப ரெண்டாவது கியர், ரெண்டு பிரேக்கும் விட்டு விட்டு.

நீங்க கேக்க வேண்டியது

டவுன்ல இருக்கிற நீங்க நீங்களே பிரிக்கணும்னு நான் சொல்லலை. ஏபிஎஸ் வண்டின்னா கம்பெனி பட்டறைதான் சரி, அதுல காத்து எடுக்கற முறையே வேற. ஆனா கிட் மாத்தி வாங்கறப்ப சில கேள்வி கேக்கலாம்.

லீவர் பஞ்சா இருந்தா காத்து. பிடிச்சுட்டே இருக்கறப்ப மெல்ல இறங்கினா கப் கிழிசல், இல்ல உருளையில குழி, இல்ல அளவு மாறின கிட். கிட் அளவு மாஸ்டர் மேலயே பொறிச்சிருக்கும், அரை அங்குலம், 14 மில்லிமீட்டர்னு. லீவர் ரப்பர் உறை கிட்ட ஈரமா இருந்தா பின்பக்கத்து ரெண்டாவது கப்.

ஓட்டின பிறகு சக்கரம் இறுகினா, மாஸ்டர் கிட்ட இருக்கிற ஹோஸ் போல்ட்டைத் தளத்திப் பாக்கச் சொல்லுங்க. அங்கயே விட்டுப் போச்சுன்னா கோளாறு மாஸ்டர்ல. ஊசித் துளை அடைப்பா இருக்கும், இல்ல லீவருக்குக் கொஞ்சங்கூட ஆட்டம் விடாம முடுக்கினதால கப் துளையை மூடி நிக்கும், இல்ல பெட்ரோல்லயோ மண்ணெண்ணெய்லயோ கழுவி, கிரீஸ் தடவி ரப்பர் ஊதியிருக்கும். பிராமாவோட தண்டு திரும்பி வராம இறுகிக்கிச்சே, அதே கதைதான். மேல தளத்தியும் விடாம, கீழ நிப்பிளைத் தளத்தினாத்தான் விடுதுன்னா ஹோஸ் உள்ளுக்குள்ள அடைஞ்சிருக்கு. ரெண்டுக்கும் விடலைன்னா காலிப்பர் பிஸ்டன் துருப்பிடிச்சு மாட்டியிருக்கு.

வண்டியை எடுக்கறதுக்கு முன்னால டப்பாவைத் திறந்து, லீவரை லேசா அமுக்கி, அந்தத் துள்ளல் வருதான்னு காட்டச் சொல்லுங்க. நல்லா அமுக்கிப் பீச்ச விட்டுராதீங்க, கண்ணுலயோ பெயிண்ட்லயோ படும். பழைய கப்பைக் கையில வாங்கிப் பாருங்க, விளிம்புல வெட்டு இருக்கான்னு உங்களுக்கே தெரியும். பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். மூடி திறந்து வெச்ச பழைய டப்பாவுல இருந்து ஊத்த விடாதீங்க, அது ஏற்கனவே தண்ணி குடிச்சிருக்கும்.

மருமகன் இப்ப டேங்க் மூடிக்கு அடியில ஆயில் மாத்தின தேதியை ஆணியில கீறி வெச்சிருக்கான். உங்க வண்டியில அந்தத் தேதி எதுன்னு ஞாபகம் இல்லைன்னா, ஐப்பசி மழை பிடிக்கறதுக்குள்ள ஒரு தடவை பாத்துருங்க.